வறுத்த அரிசிக் காப்பி

ஒரு மனிதர் கெட்ட பழக்கம் ஒன்றை விடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. விட்ட மறுநாளே அடுத்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்க ஆரம்பிக்கிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. என் வீட்டுக்காரர் காப்பியை விட்டபோது முதலில் எங்கள் வீட்டு அடுப்பு அணைந்தது, பிறகு இருநூறு பேருக்குக் காப்பி கொதித்த அடுப்பு அணைந்தது. இத்தனைக்கும் அவர் காப்பியை விடவே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, இன்னொருத்திக்கும் தெரியும்.

அப்போது நாங்கள் மலாயாவில், ரெங்கத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை தரையில் கிடந்தது. யாரை எந்தச் சாக்கில் ஊருக்குக் கப்பலேற்றலாம் என்று தோட்டத்து ஆபீஸ் பார்த்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் உத்தியோகம். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்குவது, பல் பிடுங்குவது எல்லாம் அவர்தான். டாக்டர் மாதம் ஒருமுறை காரில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதனால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் இவரையே "டாக்டரய்யா" என்றார்கள். இவரும் திருத்தவில்லை.

நாளைக்கு ஆறு டம்ளர் காப்பி குடிப்பார். ஒவ்வொன்றும் டின் பால் ஊற்றிக் கெட்டியாக இருக்க வேண்டும். பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று புரளுவார், நெஞ்சு படபடக்கிறது என்று எழுந்து உட்காருவார். இது வருஷக்கணக்காக நடந்தது. ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து யாரோ அனுப்பிய ஆரோக்கியப் பத்திரிகை ஒன்று வந்தது. காப்பியிலும் தேயிலையிலும் கபீன் என்று ஒரு வஸ்து இருக்கிறது, அது இதயத்தைச் சாட்டையால் அடிக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அன்று சாயங்காலம் நெஞ்சுக்குழாயைத் தன் மார்பிலேயே வைத்துக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் ஞானோதயம் தெரிந்தது.

"இனிமே இந்த வீட்டுல காப்பி கெடையாது" என்றார்.

"ஆறு டம்ளர ரெண்டாக் கொறச்சுக்கங்களேன். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு" என்றேன்.

"வெஷத்துல பாதி வெஷம்னு ஒண்ணு இருக்கா? கொறைக்கிறதெல்லாம் கோழைங்க செய்யற வேல."

வீட்டில் இருந்த காப்பிப் பொடி டின்னை அப்படியே எடுத்துக்கொண்டுபோய், விடியற்காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுத் திடலில் காப்பி காய்ச்சும் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். காப்பிக்குப் பதிலாக அரிசியைக் கருக வறுத்து, இடித்து, சுக்குத் தட்டிப் போட்டுக் காய்ச்சச் சொன்னார். பத்திரிகையில் அந்தச் செய்முறையும் இருந்ததாம். கரியைக் கரைத்துக் குடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அருமை" என்றார். சொல்லிவிட்டு மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து இரண்டு சிட்டிகை இழுத்தார். மூக்குப்பொடியைப் பற்றி அந்தப் பத்திரிகை ஒன்றும் எழுதவில்லை போலிருக்கிறது.

முதல் மூன்று நாள் எங்கள் வீட்டில் நரகம். தலைவலி என்றால் சாதாரணத் தலைவலி இல்லை, ஈரத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சோற்றில் உப்பு அதிகம் என்று கத்தினார். அன்று நான் சோறே வடிக்கவில்லை, கஞ்சிதான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு கிழவருக்கு நல்ல காலில் மருந்து தடவிக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார். கிழவர் பயந்துபோய் வாயைத் திறக்காமல் நொண்டிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் நான் துணிந்துவிட்டேன். அரிசிப் பொடியோடு ஒரு கரண்டி நிஜக் காப்பிப் பொடியைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். வருஷக்கணக்காகப் பொடி இழுத்த மூக்கு அது, ரோஜாப்பூவும் கருவாடும் அதற்கு ஒன்றுதான். ரெங்கத்துச் சீனர் கடையில் சீனி போட்டுக் கருக்கி வறுத்த பொடி வேறு, பாதி கரி. எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்? டம்ளரைக் காலி செய்தார். அரைமணி கழித்துத் தலைத் துண்டை அவிழ்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"பாத்தியா? வெஷம் எறங்கிடுச்சு!" என்றார்.

"ஆமாங்க, நல்லாத் தெரியுது" என்றேன்.

அன்றிலிருந்து காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர் காப்பி கலந்து கொடுத்தேன். சாயங்காலத்துக்கு மேல் வெறும் அரிசிதான். அவர் நன்றாகத் தூங்கினார், படபடப்பு நின்றது, கை நடுக்கம்கூடப் போய்விட்டது. நான் முதல்நாள் சொன்ன அதே இரண்டு டம்ளர்தான் அவர் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. குறைத்தால் போதும் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை, குறைத்துத்தான் கொடுக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. இப்படித்தான் எங்கள் வீட்டில் ஆரோக்கியம் வந்தது.

பொடி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பெரட்டில் காப்பி காய்ச்சும் பெண் என்று சொன்னேனே, அவள்தான் வாங்கி வருவாள். புருஷன் இல்லாதவள். முழங்காலில் ஏதோ கோளாறு, ரப்பர் பாலுக்கு மரம் சீவப் போக முடியாததால் அந்தக் காப்பி வேலையைக் கொடுத்திருந்தார்கள். வாரம் ஒருதரம் ரெங்கத்துக்குப் போகும்போது எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி, முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். அது யார் டம்ளருக்குப் போகிறது என்று அவளுக்கும் தெரியும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் என்னை "நீங்க" என்பாள், நான் அவளை "நீ" என்பேன். தோட்டத்தில் மரியாதைக்கு வயது கணக்கில்லை, வீட்டுக் கூரை என்ன கூரை என்பதுதான் கணக்கு.

விடிவதற்கு முன்னால் பெரட்டு. அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. மலேரியா பிடுங்கித் தின்ற இடம் அது, அதனால் வேலைக்குப் போகும் முன் ஒவ்வொருவர் வாயிலும் ஒரு சின்னக் கிளாஸ் கொய்னாத் தண்ணீரை டிரஸர் ஊற்றுவார். அந்தக் கசப்பை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊற்றிய கையோடு அடுத்த அடியில் அந்தப் பெண் கரண்டியோடு நிற்பாள், ஒரு மங்கு சூடான கறுப்புக் காப்பி, நிறையச் சீனி. வாயில் கொய்னாவை வைத்துக்கொண்டு ஒருவரும் காப்பி குடிக்க முடியாது. காப்பி உள்ளே போனால் கொய்னாவும் உள்ளே போயிற்று என்று அர்த்தம். முன்பு இருந்த டிரஸர் வைத்த ஏற்பாடு இது. எதற்காக வைத்தார் என்று அவர் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் அதை ஜனங்களுக்குக் காட்டிய சலுகை என்று நினைத்தார்.

தூக்கம் நன்றாக வர ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும் அவருக்கு ஊரைத் திருத்தும் ஆசை வந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போய்ப் பேசினார். துரைக்குக் கபீனைப் பற்றிக் கவலையே கிடையாது, பங்களாவில் அவருக்குத் தேயிலைத் தண்ணீர் கெண்டி கெண்டியாகப் போகும். ஆனால் காப்பி குடிக்கிற சாக்கில் ஆட்கள் கால்மணி நேரம் நின்று பேசுகிறார்கள் என்பது அவருக்கு ரொம்ப நாளாக உறுத்தல். ஆகவே ஜனங்களின் இதயத்தைக் காப்பாற்ற உடனே சம்மதித்தார்.

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பெரட்டுத் திடல் தெரியும். மறுநாள் அரிக்கேன் வெளிச்சத்தில் என் வீட்டுக்காரர் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பேசியதை நான் பார்த்தேன். "என்னப் பாருங்க! ஒரு மாசமாச்சு, ஒரு சொட்டுக் காப்பி தொடல. நானும்தான் தெனமும் கொய்னா முழுங்கறேன். எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று மார்பைத் தட்டினார். தட்டிய மார்புக்குக் கீழே அன்றைய முதல் டம்ளர் இன்னும் சூடாக இருந்திருக்கும். காப்பிக்காரப் பெண் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதுதான் கடைசி அண்டா. சதுப்பு ஓரத்தில் களை வெட்டும் வேலைக்கு அவளை மாற்றிவிட்டார்கள்.

அந்த வாரமும் அவள் எனக்குப் பொட்டலம் கொண்டுவந்தாள்.

"அய்யா அன்னிக்கு ரொம்பத் தெம்பாப் பேசினாங்கம்மா. பொடி நல்ல பொடிதான் போல" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. "நீ ஏன் அங்கேயே சொல்லல? சொல்லியிருந்தா ஒன் வேல போயிருக்காதே."

"சொன்னா ஒங்க வீட்டுல சண்ட வரும்லா. போவுது, விடுங்க."

போகட்டும் என்று நானும் விட்டேன். அதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு வார்த்தை அவரிடம் அன்றே சொல்லியிருந்தால் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு வாரச் சண்டைக்குப் பயந்து அவளைச் சதுப்புக்கு அனுப்பினேன்.

காப்பி நின்ற பிறகு பெரட்டு சீக்கிரம் முடிந்தது. துரைக்குத் திருப்தி. என் வீட்டுக்காரருக்கு அதைவிடத் திருப்தி. இரண்டு மாதம் போயிருக்கும், பொட்டலம் கொடுக்க வந்தவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"இப்ப யாரு கொய்னா முழுங்கறா? கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டுப் போய் ரப்பர் ஸ்டோரத் தாண்டினதும் துப்பிடறது. ஸ்டோருக்குப் பின்னால புல்லு முளைக்கல, பாத்தீங்களா?"

"நீயுமா?"

"நான் மட்டும் என்னவாம். அய்யோ அலமாக், அந்தக் கசப்ப வாயில வச்சுக்கிட்டு எப்படி வேல பாக்கறது? அய்யாகிட்ட சொல்லிடாதீங்கம்மா. சீட்டக் கிழிச்சு வேலயவிட்டு அனுப்பிடுவாங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றேன். அதற்கும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் இருநூறு வாயில் தன் கையால் மருந்து ஊற்றி, அது ஸ்டோருக்குப் பின்னால் புல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது எனக்கு அவ்வளவு வேடிக்கையாக இருந்தது.

ஒரு வாரத்தில் வேடிக்கை முடிந்தது. லயத்தில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். அவளையும் தூளியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மற்றவர்கள் குளிரில் நடுங்கி, வியர்த்து, எழுந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை, ஆள் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் குடல் காய்ச்சல் என்றார். கஞ்சித் தண்ணீர் கொடுத்து, நெற்றியில் ஈரத் துணி போட்டார். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக் குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார், பதில் வர நாலு நாள் ஆகும்.

"மலேரியாவா இருக்கப்போவுதுங்க" என்றேன்.

"தெனமும் என் கையால கொய்னா குடிச்சவளுக்கு மலேரியா எங்கேருந்து வரும்? நீ போய் வேலயப் பாரு."

வீட்டுக்குள் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாவிட்டால் நாலு நாளில் பதில் வரும்போது அவள் இருக்க மாட்டாள். மூன்றாம் தடவை வெளியே வந்தபோது சொல்லிவிட்டேன். "அவ குடிக்கலங்க. துப்பிட்டா. எல்லாரும்தான் துப்பறாங்க. காப்பி இல்லாம முழுங்க முடியலயாம்."

அவருக்குக் கோபம்தான் வந்தது. "முழுங்க முடியலயா? நான் முழுங்கல? மூணு மாசமா காப்பி இல்லாம நான் முழுங்கல?"

"நீங்களும் காப்பி இல்லாம முழுங்கல" என்றேன். "ஒங்க டம்ளர்ல தெனமும் காப்பி இருந்துச்சு. நாலாம் நாள்லேருந்து நான்தான் கலந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ உள்ளே போய், ஊசியைக் கொதிக்கவைத்து, கொய்னா மருந்தை ஏற்றிக்கொண்டு வந்து அவளுக்குக் குத்தினார். அன்று முழுவதும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூக்குப்பொடி டப்பாவைக்கூட எடுக்கவில்லை. அந்த மனிதரை எவ்வளவு கேலி செய்தாலும் அன்றைக்கு அவர் இருந்த இருப்பை நான் மறைக்கக் கூடாது. மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது, தண்ணீர் கேட்டாள்.

அவர் நல்லவராக இருந்தது அந்த மூன்று நாள்தான். நாலாம் நாள் துரையிடம் போய் ஆட்கள் மருந்தைத் துப்புகிறார்கள், பெரட்டில் மறுபடி காப்பி வேண்டும் என்று சொன்னார். அதுவரை சரி. எப்படித் தெரியும் என்று துரை கேட்டதற்கு, ஒருத்தி ஒப்புக்கொண்டாள் என்று அவளைக் காட்டிவிட்டார். தன் டம்ளரைப் பற்றி மூச்சு விடவில்லை. துரை மறுபடி காப்பிக்கு உத்தரவு போட்டார். கம்பெனி மருந்தைத் துப்பிய குற்றத்துக்கு அவளுக்குச் சீட்டுக் கிழித்து, ஊருக்குக் கப்பலேற்றவும் உத்தரவு போட்டார். ஆள் குறைக்க ஒரு சாக்கு, அதுவும் நொண்டிக் கால் ஆள். டிரஸரின் விழிப்புணர்வைப் பாராட்டி ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"போய் நெசத்தச் சொல்லுங்க. ஒங்க பேச்ச நம்பித்தான காப்பிய நிறுத்தினாங்க" என்று அவரிடம் அழுதேன்.

"பொண்டாட்டி என்ன ஏமாத்திட்டான்னு துரைகிட்ட போய்ச் சொல்லவா? நாளைக்கு எவன் எங்கிட்ட மருந்து வாங்குவான்?" என்றார்.

நானே பங்களாவுக்குப் போனேன். அதுவரை அந்தப் படியை மிதித்ததில்லை. துரைக்குத் தமிழ் தெரியும், வேலை வாங்குகிற தமிழ். பத்திரிகை, வறுத்த அரிசி, ஒரு கரண்டிப் பொடி என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரர் தலையில் கட்டிய ஈரத் துண்டு வரை வந்ததும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். "வெஷம் எறங்கிடுச்சு" என்று சொன்ன இடத்தில் தேயிலைத் தண்ணீர் அவர் சட்டையில் கொட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பொம்பளை நீ. ரொம்ப நல்ல கதை" என்றார்.

"அவளுக்குச் சீட்டு வேணாங்க துரை" என்றேன்.

"அது வேற. அந்தப் பொம்பளை மருந்து துப்பிச்சு. போகணும்."

அந்தக் கதையை அவர் கிளப்பில் சொன்னாராம். கிளப்பிலிருந்து மற்றத் தோட்டங்களுக்குப் போயிற்று. மாற்றலாகி நாங்கள் தெப்ராவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் அது வந்து காத்திருந்தது. என் வீட்டுக்காரரும் சில வருஷத்தில் பழகிப்போய்த் தானே சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். காப்பியை இரண்டு டம்ளரோடு நிறுத்திக்கொண்டார், அதைத் தன் ஆராய்ச்சி முடிவு என்றும் சொல்லிக்கொண்டார். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைச் சொல்லச் சொல்வார்கள். துரை சட்டையில் கொட்டிக்கொண்டது வரை சொல்வேன். அங்கே எல்லோரும் சிரிப்பார்கள், நானும் அதோடு நிறுத்திவிடுவேன்.

அதற்கு அப்புறம் நடந்தது ரெங்கம் ரயில் நிலையத்தில். ஊருக்குப் போகிற ஏழெட்டுப் பேரோடு அவளையும் சிங்கப்பூர் ரயிலில் ஏற்றியிருந்தார்கள். காய்ச்சலில் பாதியாக இளைத்துப்போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு துணி மூட்டை. வழிக்குக் குடிக்கட்டும் என்று நான் ஒரு புட்டியில் காப்பி கொண்டுபோயிருந்தேன். நல்ல பொடி, நிறையச் சீனி. ஜன்னல் வழியாக நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

"நான் துரைகிட்டகூடப் போய்ச் சொன்னேன்" என்றேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அதைச் சொன்னேன்.

"கேள்விப்பட்டேன்" என்றாள். புட்டியை மடியில் மூட்டைமேல் வைத்தாள். "மூணு மாசம் ஒங்க விஷயம் எங்கிட்ட இருந்துச்சு. என் வேலயே போனப்பக்கூட நான் வாயத் தொறக்கல. என் விஷயத்த ஒரு வாரம் ஒங்களால வச்சிருக்க முடியலயேம்மா."

நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் உயிரோடு அந்த ரயிலில் உட்கார்ந்திருக்கவே மாட்டாள். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவள் கேட்டதும் சரிதான். வண்டி ஊதியது. நகர ஆரம்பித்ததும் அவள் கையை நீட்டி, மூடியைக்கூடத் திறக்காமல் காப்பிப் புட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.